நிலவிலிருந்து வந்த மங்கலான படம்

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்த காட்சி ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்று பலரும் கேட்கிறார்கள். குறை கேமராவினுடையது அன்று என்பதே என் உறுதியான கருத்து. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஸ்டான் லெபார் தலைமையிலான குழு உருவாக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைக் கேமரா, நிலவுக்கலத்திலிருந்து படத்துக்கென ஒதுக்கக்கூடிய அலைவரிசை மிகக் குறுகியதாக இருந்ததால், நொடிக்கு 10 படங்களை மட்டும், ஒவ்வொன்றும் 320 கிடை வரிகளாக அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கோ நொடிக்கு 30 படங்களும் 525 வரிகளும் தேவைப்பட்டன. எனவே, கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த தரை நிலையங்களுக்கு வந்த படத்தை ஒரு சிறு திரையில் காட்டி, அத்திரையை இன்னொரு கேமராவால் படமெடுத்து, அதைக் காந்தத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டி ஒளிபரப்புக்கு ஏற்றதாக மாற்றினார்கள். தெளிவு பெருமளவு தொலைந்தது அந்த இடத்தில்தான்.

முதல் காலடியை உலகுக்குக் காட்டியது கான்பராவுக்கு அருகிலிருந்த ஹனிசக்கிள் கிரீக் நிலையம். ஒளிபரப்பு தொடங்கிய சுமார் 9 நிமிடங்களில் அதே நாட்டின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி பெற்ற படத்துக்கு மாறி, கடைசிவரை அதிலேயே இருந்தார்கள். திரையிலிருந்து மறுபடி படமெடுக்கும் அந்த மாற்றத்துக்கு ஆளாகாத மூலப் பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்கு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று நாசா 2009இல் அறிவித்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.