பொட்டாசியம் 6.2 என்று வந்த எஸ்.ஈ. றிப்போட்

அப்பாவின் எஸ்.ஈ. (சீரம் எலெக்ட்ரோலைட்ஸ், இரத்தத்திலுள்ள உப்புகளைப் பார்க்கிற பரிசோதனை) றிப்போட்டில் பொட்டாசியம் 6.2 என்று இருந்தது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு 'எச்', அதாவது கூட. கடைசியில், கையொப்பத்துக்கு மேலே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில் "மாதிரி ஹீமோலைஸ்ட்" என்று ஒரு வரி, அதாவது எடுத்த இரத்தத்தில் செங்குருதிக் கலங்கள் உடைந்திருக்கின்றன. கவுண்டரில் இருந்த பிள்ளை அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கும் "டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்ற ஒரே பதில்தான். முழு றிப்போட்டிலும் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரி.

செங்குருதிக் கலத்துக்குள் பொட்டாசியம் லீற்றருக்கு 100 மில்லிமோலுக்கு மேல் இருக்கும். வெளியே சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், 3.5 முதல் 5 வரைதான். எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சில கலங்கள் உடைந்தாலே உள்ளே இருப்பது வெளியே கலந்து எண் ஏறிவிடும். நோயாளியின் உடம்பில் அந்தப் பொட்டாசியம் இல்லை, குழாயில்தான் இருக்கிறது. மெல்லிய ஊசியால் இழுத்து, சிரிஞ்சை அழுத்திக் குழாய்க்குள் பீச்சுவது இதற்குப் பெரிய காரணம். குழாயைப் பலமாகக் குலுக்குவதும் அப்படித்தான். கைக்கட்டை நெடுநேரம் இறுக்கி வைத்து, "கையைப் பொத்திப் பொத்தி விரியுங்கோ" என்று சொல்வது கலத்தை உடைக்காமலே பொட்டாசியத்தை ஏற்றும். சீரத்தைப் பிரிக்காமல் இரத்தத்தை அப்படியே குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஏறும். ஊதா மூடிக் குழாயில் முதலில் விட்டுவிட்டு மிச்சத்தை மற்றக் குழாய்க்கு ஊற்றினால் இன்னும் மோசம்: அந்த ஊதாக் குழாயில் இருப்பதே இரத்தம் உறையாமல் தடுக்கிற பொட்டாசிய உப்புக் கலந்த மருந்து, அது கல்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் எக்கச்சக்கமாகவும் கல்சியம் அடிமட்டத்திலும் ஒன்றாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அன்றைக்கே திரும்ப எடுத்ததில் 4.4. ஆனால் "பிழையாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும், எனலாப்ரில், லொசார்ட்டன், ஸ்பைரனோலக்டோன் குளிசை எடுப்பவர்களுக்கும் 6.2 உண்மையாகவே வரலாம். இதயத் துடிப்பைக் குழப்பலாம். உடனே ஈ.சி.ஜி.யும் மறு இரத்தமும். நெஞ்சு படபடப்போ கைகால் தளர்ச்சியோ இருந்தால் தனியார் லாப்புக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் நேரே வைத்தியசாலை.

அடுத்த வில்லங்கம் டொக்டர் எழுதிக் கொடுக்கிற பரிசோதனைத் துண்டு. டொக்டர் எழுதியது எஸ்.ஈ., பி.யூ. (இரத்த யூரியா), எஸ்.கிரியட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றுகிற ஒரு கழிவு), சீனி. பில் போட்டபோது பி.யூ. விடுபட்டுப்போனது, கையெழுத்து விளங்கவில்லையாம். யூரியா இல்லாமல் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டும் வைத்து நீர்ச்சத்தைப் பற்றிப் பாதிக் கதைதான் சொல்லலாம். திரும்பப் போக வேண்டியதாயிற்று. பில்லைக் கையில் வாங்கியதும் துண்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிற குளிசைகளின் பெயரையும் துண்டின் பின்பக்கம் எழுதிக் கொண்டு போங்கள்.

"சாப்பிடாமல் வாங்கோ" என்றால் எங்கள் ஆட்கள் தண்ணீரும் குடிக்காமல் போய் வரிசையில் நிற்பார்கள். எஸ்.ஈ.க்கும் யூரியாவுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சீனிக்காக வெறும் வயிறாகப் போனாலும் வெறும் தண்ணீர் வழக்கம்போலக் குடிக்கலாம். சித்திரை வெயிலில் இரவிலிருந்து ஒரு மிடறும் இல்லாமல் போனால், நீர்ச்சத்தை அளக்கப் போய் நாங்களே அதைக் குறைத்துவிட்டு அளப்பதாக முடியும். அதற்காகப் போகும் வழியில் ஒரு போத்தலை மடமடவென்று குடிப்பதும் வேண்டாம்.

சேலைன் ஏறுகிற கையில் இரத்தம் எடுக்க விடாதீர்கள். சோடியமும் குளோரைட்டும் சேலைனின் எண்ணை நோக்கிப் போகும், மற்றவை நீர்த்துப்போகும். ஏறுவது டெக்ஸ்ரோஸ் (சீனிக் கரைசல்) என்றால் சீனி பொய்யாக எகிறும். "மிஸ், மற்றக் கையில எடுங்கோ" என்று பணிவாகச் சொன்னால் கேட்பார்கள்.

இனி அலகு. ஒரு இடத்தில் யூரியா 42, மற்ற இடத்தில் 7. குறைந்துவிட்டதென்று சந்தோசப்பட ஒன்றுமில்லை, இரண்டும் ஒன்றே. மில்லிகிராமில் (100 மில்லிலீற்றருக்கு) வரும் யூரியாவை 6ஆல் பிரித்தால் மில்லிமோல் (லீற்றருக்கு). கிரியட்டினின் 1.1 மில்லிகிராமும் 97 மைக்ரோமோலும் ஒன்று. மில்லிகிராமை 88.4ஆல் பெருக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் போனில் எண்ணைக் கேட்டு இணையக் கணிப்பானில் போடுவார்கள். அந்தக் கணிப்பான்கள் பல கேட்பது பி.யூ.என்., அதாவது யூரியாவில் உள்ள நைதரசன் மட்டும். எங்கள் றிப்போட்டில் பெரும்பாலும் வருவது முழு யூரியா. 2.14ஆல் பிரிக்காமல் போட்டால் விடை இரண்டு மடங்குக்கு மேல் போய் லண்டனிலும் ஒரு பதற்றம்.

எண்களைச் சேர்த்து வாசிப்பது இப்படி. சோடியம் 148, யூரியா 72 மில்லிகிராம், கிரியட்டினின் 1.1, சீனி 108 என்று வையுங்கள். சோடியத்தை இரண்டால் பெருக்கினால் 296. யூரியா 12 மில்லிமோல், சீனியை 18ஆல் பிரித்தால் 6. கூட்டினால் 314. இதுதான் கணித்தெடுத்த ஒஸ்மோலாலிட்டி, அதாவது இரத்தம் எவ்வளவு செறிந்திருக்கிறது என்ற எண். இருக்க வேண்டியது 275 முதல் 295 வரை. கூடவே யூரியா ஏறியிருக்க, கிரியட்டினின் அசையவில்லை. மில்லிகிராம் கணக்கில் யூரியா கிரியட்டினினைப் போல 40 மடங்குக்கு மேல் போனால், சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இங்கே 65 மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை. ஆனால் குடலில் இரத்தம் கசிந்தாலும், ஸ்டெரோயிட் குளிசை எடுத்தாலும் யூரியா தனியே ஏறும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று டொக்டர் கேட்பது அதனால்தான். தசை வற்றிய முதியவருக்குக் கிரியட்டினின் இயல்பாகவே குறைவு, விகிதம் காரணமில்லாமல் பெரிதாகத் தெரியும்.

எல்லா எண்ணும் கோட்டுக்குள் இருந்தும் உடம்பு வற்றியிருக்கலாம். வயிற்றோட்டத்தில் உப்பும் நீரும் சேர்ந்தே போவதால் சோடியம் 138 என்று அமைதியாக நிற்கும். சோடியம் சொல்வது உப்புக்கும் நீருக்கும் இடையிலுள்ள விகிதத்தை, உடம்பிலுள்ள நீரின் அளவை அல்ல. ஆகவே காய்ந்த நாக்கு, எழும்பி நிற்கும்போது இறங்கும் பிறஷர், மஞ்சளாகக் குறைந்து போகும் சலம், இவற்றை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் சலம் போன பிறகு ஒரே தராசில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். ஓரிரு நாளில் ஒரு கிலோ ஏறினாலோ இறங்கினாலோ அது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர்.

எனக்கு மிகவும் கவலை தருவது குறைந்த சோடியம். 128 என்று கண்டதும் கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுகிற வீடுகள் பல. அநேகமான வேளைகளில் உப்பின் அளவுக்கு மேலாக நீர் வெளியேறாமல் நிற்பதுதான் சங்கதி. பிறஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், சில மனச்சோர்வுக் குளிசைகள், நிமோனியா, எல்லாமே இதைச் செய்யும். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு உப்பும் நீரும் இரண்டும் கூடியிருக்கும், எண்ணில் மட்டும் சோடியம் குறைவு. அவருக்கு உப்பைக் கூட்டினால் மூச்சு முட்டும். சீனி 400, 500 என்று நிற்பவரிலும் சோடியம் இறங்கித் தெரியும். 100க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் சீனிக்கும் ஏறக்குறைய 1.6 குறையும். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளையைத் தாக்கும். ஒரு நாளில் 8 முதல் 10க்கு மேல் ஏறவிடாமல் வைத்தியசாலையில் மணிக்கணக்குப் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டில் செய்கிற வேலை அல்ல.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக்கு (கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனிப் பைக்கற்) பதிலாக அதை மட்டும் கொடுக்காதீர்கள்; சிறுநீரக நோயாளிக்குக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். ஜீவனி ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் ஆறின தண்ணீர், அளந்து. அரை லீற்றரில் கரைத்தால் உப்பும் சீனியும் இரட்டிப்பாகி, குழந்தைக்குச் சோடியம் ஏறும்.

மாரியில் டெங்கு வந்தால் பார்க்க வேண்டியது பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் வீதம். முதல் நாள் 38 இருந்தது 46 ஆனால் அது 20 வீதத்துக்கு மேலான ஏற்றம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதன் அடையாளம். வெறுமனே தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சமாளிக்கிற கட்டம் அல்ல, வாட்டில் சேர்க்க வேண்டும். முதல் நாள் றிப்போட் கையில் இல்லாவிட்டால் 46ஐப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இயன்றவரை அதே லாப்பிலேயே திரும்பத் திரும்ப எடுங்கள். பழைய றிப்போட்களைத் திகதி வரிசையில் ஒரு பைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வைத்திருங்கள்.