எழுதின கோட் யாருக்குச் சொந்தம்?

காலேஜில் படிக்கும்போதே கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர், கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் ஆப் என்று எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிற மாணவர்கள் உண்டு. பணம் வந்ததும் கோடும் (எழுதிய கணினி நிரலும்) பணம் கொடுத்தவருக்கே போய்விட்டது என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பில் சேர்க்கிறது. கோட் எழுதியவுடனே உரிமை பிறந்துவிடும், பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவர் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஐடியாவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் ஆப்பைப் பார்த்துவிட்டு இன்னொருவர் சொந்தமாகக் கோட் எழுதினால் இந்தச் சட்டத்தில் தடுக்க முடியாது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது, வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர, பிரிவு 17(சி) சொல்வது இதுதான். ஃப்ரீலான்ஸ் வேலை அப்படியல்ல. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், ஓவியம், சினிமா ஆகியவற்றை 17(பி) பணம் கொடுத்தவருக்கே தருகிறது. அந்தப் பட்டியலில் சாஃப்ட்வேர் இல்லை. ஆகவே எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உரிமை உங்களிடமே நிற்கும். கடைக்காரர் தன் கடையில் ஓட்டலாம், பேக்கப் எடுத்து வைக்கலாம்; இன்னும் பத்து கடைகளுக்கு விற்க முடியாது. இது தெரியாமல் முழு விலை கொடுத்தவருக்குக் கோபம் வருவதில் நியாயம் உண்டு. அதனால்தான் முதல் தவணை வாங்கும் முன்பே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உரிமையை எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும் என்கிறது பிரிவு 19. வாட்ஸ்அப்பில் 'எல்லாம் உங்களுக்குத்தான் சார்' என்று தட்டி அனுப்பியதை நம்பி இருக்காதீர்கள். ஆவணத்தில் ஆதார் இ-சைன் (ஆதார் வழியாக ஆன்லைனில் போடும் கையெழுத்து) போட்டால் போதும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அந்த ஆவணத்தில் இருக்கவேண்டும். காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும்.

முழு உரிமையையும் கொடுப்பதாக இருந்தால் வாசகம் இப்படி இருக்கலாம்: 'இணைப்பில் கண்ட நிரலின் மூலக் கோட் மீதான பதிப்புரிமை முழுவதையும், கடைசித் தவணை என் வங்கிக் கணக்கில் சேர்ந்த நாள் முதல், பதிப்புரிமை நீடிக்கும் காலம் வரை, உலகம் முழுமைக்கும் எழுதிக் கொடுக்கிறேன். பிரிவு 19(4)இல் சொல்லும் ஓராண்டுக் காலாவதி இதற்குப் பொருந்தாது. நான் முன்பே எழுதி வைத்திருந்த பொதுப் பகுதிகளும் பிறருடைய ஓப்பன் சோர்ஸ் பகுதிகளும் இதில் அடங்கா.' 'கடைசித் தவணை' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பாக்கி நிற்கும்போது கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

ஓப்பன் சோர்ஸ், அதாவது மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று லைசென்ஸோடு வெளியிட்ட கோட், பற்றிய வரியும் அலங்காரத்துக்கு அல்ல. ஜிபிஎல் என்ற கண்டிப்பான லைசென்ஸில் வந்த லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த கோட் தொகுப்பை) சேர்த்துவிட்டு, முழுக் கோடும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால், இல்லாத உரிமையை விற்றதாகிவிடும். நிபந்தனைகள் குறைவான எம்ஐடி லைசென்ஸ் என்றால் சிக்கல் குறைவு. ஆனாலும் அதன் பதிப்புரிமை அறிவிப்பை நீக்கக் கூடாது. கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் லைசென்ஸ் ஃபைலே இல்லாத ரெப்போ (கோட் வைத்திருக்கும் தொகுப்பு) இலவசம் என்று அர்த்தமில்லை, எல்லா உரிமையும் எழுதியவருக்கே.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு 17(சி) பொருந்தாது, மாணவர் ஊழியர் அல்ல. ஆனால் அட்மிஷனில் கையெழுத்திட்ட விதிகளில் உரிமை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப் கடிதத்தையும் அப்படியே படியுங்கள். நான்கு பேர் சேர்ந்து எழுதியதை ஒரு கம்பெனிக்குக் கொடுக்க நான்கு பேர் சம்மதமும் வேண்டும். டீம் பிரிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போகும் முன்பே, வைவா முடிந்த வாரத்திலேயே அந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள்.