கூடாரத்துக்கு வரும் நாய்: ஆனைமலை அடிவாரக் குறிப்புகள்

மே 3

தென்னந்தோப்பில் கூடாரம் போட நாயோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, டாப்ஸ்லிப்புக்கும் கூட்டிப் போகலாமா என்றுதான். முடியாது. டாப்ஸ்லிப் இருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க்கும் தொற்றும். சோதனைச்சாவடி வரை கொண்டுபோய்க் காரில் பூட்டி வைப்பது அதைவிட மோசம்; கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஒருவர் நாயோடு தோப்பிலேயே இருந்துகொள்ளட்டும்.

மே 5

கையில் பிடிக்கும் கயிறு 6 அடி போதும். இழுக்க இழுக்க நீளும் ரகம் இங்கே ஆகாது, சொட்டுநீர்க் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

பலர் தவறுவது கட்டும் இடத்தில். கூடாரக் கம்பியில் கட்டினால் அணிலைக் கண்டதும் கூடாரமே கிளம்பும். தென்னையில் கட்டினால் நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு சாண் கயிற்றில், தண்ணீர் வட்டலுக்கு எட்டாமல் நிற்கும்.

25 அடி இடைவெளியுள்ள இரண்டு தென்னைகளுக்கு நடுவே, 7 அடி உயரத்தில் கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். அதில் சின்ன இரும்பு வளையம் ஒன்றைக் கோர்த்து, வளையத்திலிருந்து 8 அடிக் கயிறு தொங்கவிடுங்கள். மேல் கயிற்றில் இரு மரங்களிலிருந்தும் 7 அடி தள்ளி, வளையம் தாண்ட முடியாத பருமனில் முடிச்சு. நாய் நடுவில் தாராளமாக ஓடும், மரத்தைச் சுற்றாது. கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். பாய்ந்து இழுத்தால் குரல்வளை நெரியாது.

மே 6

காலையில் ஆட்டுக்காரர் வருவார். "ஏனுங், நாயைப் புடிச்சுக்குங்க" என்று அவர் சொல்லும் முன்பே பிடித்திருக்க வேண்டும். கடிக்காத நாய் என்ற சமாதானம் எடுபடாது. துரத்தினாலே போதும், சினையாட்டுக்குக் கரு கலையும். காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டி புகுந்து தெருநாய்கள் ஆடுகளைக் கொன்றதைப் பார்த்தவர்கள், கோபம் நியாயம்தான்.

ரேபிஸ் ஊசிச் சீட்டு கையில் இருக்கட்டும். முதல் ஊசி என்றால் போட்டு ஒரு மாதமாவது கழிந்த பிறகு வாருங்கள்.

மே 7

பள்ளிபாளையம் சிக்கன் நாய்க்கு வேண்டாம். வாணலியில் பாதிக்குப் பாதி சின்ன வெங்காயம்தான். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் நஞ்சு போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராமே கெடுதி. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வெந்த எலும்பும் கூடாது, சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மசாலா சேர்க்கும் முன்பே நாய்க்கான கறியைத் தனியாக வேகவைத்து, எலும்பு நீக்கி வையுங்கள்.

மே 9

மலத்தைப் பாலித்தீன் பையில் கட்டிக் கிளுவை வேலியில் வீசுகிறார்கள். அள்ளாமலே விட்டிருக்கலாம்! செய்தித்தாளில் எடுத்து, கிணறு, வாய்க்காலிலிருந்து 200 அடி தள்ளி, அரையடிக் குழியில் புதையுங்கள். காய்கறிப் பாத்தியில் வேண்டாம். குடற்புழு முட்டை மண்ணில் வெகுகாலம் கிடக்கும்.

மே 10

பொழுது சாய்ந்தால் நாய் வெளியே இருக்கக் கூடாது. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை, கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது. கூடாரத் துணியை நம்பாமல் சாளையின் (தோட்டத்து வீட்டின்) ஓர் அறையில் விட்டுக் கதவைத் தாழிடுங்கள். நடுராத்திரி வெளியே விட்டாக வேண்டுமென்றால் முதலில் வேலியோரம் டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு கயிற்றோடு, வாசல் விளக்கு வெளிச்சத்துக்குள்ளேயே. சோற்று வட்டலையும் உள்ளே எடுத்துவிடுங்கள், காட்டுப்பன்றி வரும்.