அம்மாவின் ஓட்டர் கார்டில் வேறொருவர் முகம்

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். திருப்பூரில் ஏழு மணிக்கே என் ஓட்டைப் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மாவை நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். நொய்யலுக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே எங்கள் தோட்டம். கறவை முடித்து, பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு அம்மா தயாராக இருந்தார்.

பூத் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம். நானும் தம்பியும் படித்த வகுப்பறை. அம்மா கார்டை நீட்டினார். முதல் மேசையில் இருந்தவர் பட்டியலில் வரிசை எண்ணைத் தேடிப் பெயரைச் சத்தமாக வாசித்தார். அப்போது ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஒரு பையன், "ஏனுங், படம் இவுங்க இல்லீங்களே" என்றான். அலுவலர் பட்டியலைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பட்டியலிலும் கார்டிலும் ஒரே படம்தான். இரண்டிலும் இருந்தது அம்மா இல்லை.

அந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தாமல், "வேற ஏதாச்சும் போட்டோ ஒட்டின அட்டை இருக்குங்களாம்மா?" என்றுதான் கேட்டார். ஓட்டர் கார்டு இல்லாவிட்டாலோ, அதில் படம் பொருந்தாவிட்டாலோ ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று வேறு ஆவணங்களைக் காட்டலாம். அந்தத் தேர்தலுக்கு இப்படி 12 ஆவணங்களை ஆணையம் அறிவித்திருந்தது. பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், ஆள் இவர்தான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தம்பி பைக்கில் போய் நூறு நாள் வேலை அட்டையை எடுத்து வந்தான். அந்த இருபது நிமிடமும் அம்மா சுவரோரமாக நின்றார். உள்ளே வருகிறவர்கள் எல்லாம், "என்னாச்சுங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அம்மா பதில் சொல்லவில்லை.

ஓட்டுப் போட்டாயிற்று. திரும்பி நடக்கும்போது, இட்டேரியில் வைத்துத்தான் வாயைத் திறந்தார். "முப்பது வருசமா இதே பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போடறேன் கண்ணு. என்னையப் பாத்து நீ ஆருன்னு கேட்டுப்போட்டாங்க."

அதை நான் விடவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அம்மாவிடம் முதலில் இருந்தது கறுப்பு வெள்ளைப் படம் போட்ட பழைய லேமினேஷன் அட்டை. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் கொண்டுவந்த புகைப்பட அடையாள அட்டை வரிசையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு, பெயர் கூப்பிடக் கூப்பிட உட்கார வைத்துப் படம் எடுத்தார்களாம். அதற்குப் பல வருடம் கழித்து, பட்டியலிலேயே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் படம் சேர்க்கும் வேலை நடந்தது. படம் இல்லாதவர்களிடம் வீடு வீடாக வந்து பாஸ்போர்ட் அளவு போட்டோ வாங்கிப் போனார்கள். பழைய அட்டை, ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மஞ்சப்பையோடு தொலைந்துவிட்டது. தம்பி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தான். 2023இல் தபாலில் பிளாஸ்டிக் கார்டு வந்தது. கவரோடு பீரோவுக்குள் போனதுதான், தேர்தல் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. யாருமே பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் சரி. கணவர் பெயர் சரி. பிறந்த தேதி சரி. படத்தில் முப்பதைத் தொடாத ஒரு பெண். நடு வகிடு, பெரிய பொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, காதில் பூ மாதிரி ஒரு தோடு. கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி யாரையோ பார்க்கிற பார்வை. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கியோ பாத்த மொகமாட்ட இருக்குது" என்றார்.

ஜூனில் தேர்தல் முடிவெல்லாம் வந்த பிறகு படிவம் 8 போட்டேன். இங்கேதான் தப்புச் செய்தேன். படிவம் 8 ஒன்றேதான், ஆனால் அதற்குள் நாலு வழி இருக்கிறது. வீடு மாறியது ஒன்று. பட்டியலில் உள்ள விவரத்தைத் திருத்துவது ஒன்று. திருத்தம் எதுவும் இல்லாமல் மாற்று அட்டை கேட்பது ஒன்று. மாற்றுத் திறனாளி என்று குறிக்கச் சொல்வது ஒன்று. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்பு ஒரே தொகுதிக்குள் வீடு மாற 8ஏ என்று தனிப் படிவம் இருந்தது. இப்போது எல்லாம் 8க்குள் வந்துவிட்டது. நான், கார்டுதானே தப்பு, புதுக் கார்டு கேட்போம் என்று மூன்றாவதை அமுக்கிவிட்டேன். ஆகஸ்டில் ஸ்பீடு போஸ்ட்டில் புதுக் கார்டு வந்தது. அதே நடு வகிடு, அதே மூக்குத்தி.

கார்டு அச்சாவது பட்டியலில் உள்ள பதிவிலிருந்து. பட்டியலில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் வரும், எத்தனை முறை கேட்டாலும். அதனால் கார்டில் பிழை இருந்தால் கேட்க வேண்டியது திருத்தம். பெயரோ, வயதோ, உறவினர் பெயரோ, படமோ எதுவானாலும் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும். திருத்தம் ஏறிய பிறகு வரும் கார்டில் அது தானாகச் சரியாகிவிடும், எண்ணும் மாறாது. இது தெரியாமல் எனக்கு இரண்டு மாதம் போனது. பெயரில் ஒரு எழுத்துப் பிழைக்காக மூன்று முறை மாற்று அட்டை வாங்கியவர்கள் என் கம்பெனியிலேயே இருக்கிறார்கள்.

அம்மாவைப் போல, படம் மாறியிருப்பதை வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க வழியில்லை. இணையத்தில் போடும் பட்டியலில் படம் இருக்காது. படம் இருக்க வேண்டிய கட்டத்தில், படம் உண்டு என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அடுத்தவர் முகத்தை ஊர் உலகமெல்லாம் இறக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி, அது நியாயம்தான். படத்தோடு உள்ள பட்டியலைப் பார்க்க வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம்தான் போக வேண்டும். பட்டியலில் ஒரு பூத்துக்கு உரிய பகுதியைப் பாகம் என்பார்கள். எங்கள் பாகத்துக்கு அங்கன்வாடி டீச்சர்தான் அந்த அலுவலர். பாகம் எண் தெரிந்தால் யார் என்று 1950க்கு போன் செய்தும் கேட்கலாம்.

டீச்சரிடம் போனேன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் கேட்டதுமே, "இந்தப் பேர்ல இன்னொருத்தர் இருக்காங்களே" என்றார். எங்கள் பக்கம் பழனியம்மாள், கணவர் பெயர் பழனிசாமி என்று கூப்பிட்டால் ஒரு சந்தையில் நாலு பேர் திரும்புவார்கள். அம்மா பெயரும் அந்த ரகம். அதே பாகத்தில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துச் சாளையில், அதே பெயரில், அதே கணவர் பெயரில் இன்னொருவர். டீச்சர் தாளைத் திருப்பி அந்த வரிசை எண்ணில் விரல் வைத்தார். அங்கே இருந்தது என் அம்மா. கல்யாணமான புதிதில் எடுத்த முகம், ஒல்லியாக, விறைத்துப் போய். அந்த வயது அம்மாவை நான் அதுவரை ஒரே ஒரு கல்யாண போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் சொன்ன யோசனை நல்ல யோசனை. அக்டோபரில் வரைவுப் பட்டியல் வருகிறது, நவம்பரில் சனி ஞாயிறுகளில் பூத்திலேயே முகாம் நடக்கும், இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து தனித்தனியாகப் படிவம் 8 கொடுங்கள், நேரில் பார்த்தே நான் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒருவருக்கு மட்டும் மாற்றினால் இன்னொருவர் பதிவில் தப்பு அப்படியே கிடக்கும். அவருக்காக நான் படிவம் கொடுக்கவும் முடியாது.

இடையில் ஒரு சின்ன விஷயம், தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு உதவும். நமக்கெல்லாம் தெருவும் கிடையாது, கதவு எண்ணைத் தேடி யாரும் வந்துவிட முடியாது. படிவத்தில் முகவரி எழுதும்போது தோட்டத்தின் பெயரை எழுதுங்கள், போன் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். விசாரிக்க வரும்போது யாரும் இல்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாவது இங்கே நிறைய நடக்கிறது. இன்னொன்று, என் நாத்தனார் ஊத்துக்குளிப் பக்கம். இருப்பது திருப்பூர் மாவட்டம், தாலுகாவும் அங்கேதான். ஆனால் ஓட்டு பெருந்துறைத் தொகுதி, அது ஈரோடு மாவட்டக் கணக்கில் வரும். அவள் திருப்பூர் என்று போட்டுத் தொகுதியைத் தேடித் தேடிச் சலித்துப்போனாள். மாவட்டம் என்று கேட்கும் இடத்தில் தொகுதியின் மாவட்டத்தைப் போட்டுப் பாருங்கள்.

முகாமுக்கு முன்னால் அம்மாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, கலர்ப் படம். 2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்த அம்மா முன்னமே வந்து பேத்தியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பொட்டு இல்லை, மூக்குத்தியும் இல்லை. அம்மா பார்த்ததுமே, "நீங்களா? மாரியம்மன் நோம்பியில பாத்திருக்கறனே" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு இரண்டு பேரும் எருமை, மழை, யார் யார் பிள்ளை எங்கே வேலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவரிடம் இருந்தது பழைய லேமினேஷன் அட்டை. உள்ளே ஈரம் புகுந்து படம் முழுக்கக் கறுத்திருந்தது. ஆதாரைக் காட்டியே ஓட்டுப் போட்டு வந்திருக்கிறார், அதனால் மாறினது தெரியவே இல்லை. அம்மாவின் கார்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பெருவிரலால் படத்தை ஒருமுறை துடைத்தார், தூசி ஒன்றும் இல்லை.

"இது எங்கூட்டுக்காரர் இருந்தப்ப எடுத்தது அம்மணி. இந்தத் தோடு சென்னிமலைத் தேருக்குப் போனப்ப வாங்கிக் குடுத்தாரு. அங்க கேமராகாரருக்குப் பொறத்தால நின்னு சிரிக்க வெச்சாரு, நான் சிரிக்கல."

அந்தப் பார்வை யாரைப் பார்த்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கார்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதில் அம்மாவின் எண் இருக்கிறது, கொடுக்க முடியாது. போனில் படம் பிடித்துக்கொண்டு, பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன்.

டீச்சர் இரண்டு படிவத்தையும் வாங்கிக்கொண்டு, ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு நிலவரம் பார்க்க அதுதான் ஆதாரம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்ல 7 நாள் அவகாசம் உண்டு. எங்களுக்கு அதற்குப் பிறகு எந்தத் தடங்கலும் வரவில்லை. 2025 ஜனவரி 6 அன்று வந்த இறுதிப் பட்டியலில் மாற்றம் ஏறிவிட்டது. டீச்சரே போன் செய்து, "வந்து பாத்துக்கங்க" என்றார். கொஞ்ச நாளில் கார்டும் வந்தது. இந்த முறை கவரை வாசலிலேயே பிரித்தோம்.

இதைக் கேட்டுவிட்டு அமுச்சி, அம்மாவின் அம்மா, ஒரு கதை சொன்னது. அமுச்சி ஊர் மொடக்குறிச்சித் தொகுதி. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று வரிசையாக மனுத் தாக்கல் செய்ததில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். ஓட்டுச் சீட்டே புத்தகம் மாதிரி. "அத்தன பேருலயும் தேடிக் குத்திப்போட்டுத்தான் வந்தேன். அன்னிக்குக்கூட என்னைய ஆருன்னு கேக்கல" என்றது. அம்மாவின் வருத்தம் அதற்குச் சரியாகப் புரிந்திருந்தது.

அதே 2025இல், நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள். பெயர், அட்டை எண், பாகம் எல்லாம் முன்னமே அச்சடித்து, பட்டியலில் உள்ள படமும் போட்டிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் பெயரைத் தேடிக் குறிக்க வேண்டியிருந்தது. அதிலும் அதே பெயர் இரண்டு இடத்தில் இருந்ததால் வயதை வைத்துத்தான் அம்மாவைப் பிரித்துக் கண்டுபிடித்தேன். படிவத்தில் போன வருடம் ஸ்டுடியோவில் எடுத்த படம் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்த்தார், அதன் பிறகுதான் கையெழுத்து.

அன்று பொழுதோட அந்த அம்மாவின் பேத்தி போன் செய்து பாட்டியிடம் கொடுத்தாள். "எனக்கும் எம் மொகம்தான் வந்திருக்குது அம்மணி. ரொம்பக் கெழவியாட்ட இருக்குது" என்றார். நான் போட்டுக் கொடுத்த பிரிண்டை பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம்.