கூனவாராவின் செம்மண்ணும் அப்பாவின் காரும்

அடிலெயிட்டில் குடியேறிய முதற்காலத்தில் எனக்குத் தெரிந்த அவுஸ்திரேலியா, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையில் ஓடும் பேருந்துப் பாதையோடு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் எந்தக் கடையில் கிடைக்கும், மரக்கறி எங்கே மலிவு என்பவை தெரிந்திருந்தன. ஆனால் இந்த நாட்டின் மண் என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதை எனக்குக் காட்டித் தந்தவர், உரும்பிராயிலிருந்து வருகையாளர் விசாவில் வந்திருந்த என் அப்பா.

அப்பாவுக்குக் கார் என்றால் உயிர். எங்கள் வளவு மாமரத்தின் கீழ் நிற்கும் ஒஸ்ரின் ஏ40 சமர்செற், ஐம்பதுகளின் முற்பகுதியில் செய்யப்பட்ட, 1,200 சி.சி. எஞ்சின் கொண்ட கார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் அதுவும் ஒன்று. ஆகவே நான் கார் வாங்கப் போகிறேன் என்றதும் அவர் தொலைபேசியிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். அடிலெயிட்டின் வடக்கே எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் தொழிற்சாலை 2017 ஒக்ரோபர் 20ஆம் திகதி மூடப்பட்ட செய்தியைக் கவலையோடு வாசித்தவர் அவர். "அந்த ஊரிலையே செய்த காரை விட்டிட்டு வேறை ஏன் பிள்ளை?" என்றார். பழைய ஹோல்டன் கொமடோர் ஒன்றை வாங்கினேன்.

மார்ச் மாதத்து நீண்ட வார இறுதியில் அந்தக் காரில் தென்கிழக்கே, கூனவாரா என்னும் வைன் ஊரை நோக்கிப் புறப்பட்டோம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஆங்கிலமும் இருப்பதால் வருகையாளராக அவர் இங்கு ஓட்டலாம். ஓட்டுவதும் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம்தான். வைன் ஊருக்குப் போகிறோம் என்பதால், இரத்தத்தில் மது 0.05 விழுக்காட்டை எட்டினாலே குற்றம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கோப்பையா ஸ்ரியறிங்கா என்ற கேள்விக்கு அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சுவைப்பது என் பொறுப்பாயிற்று.

மெனிங்கியைக் கடந்ததும் கூரொங் கடனீரேரி வீதியோடு கூடவே வரத் தொடங்குகிறது. உப்புப் பூத்த கரையையும் கூழைக்கடாக்களையும் கண்டதும் அப்பா வேகத்தைக் குறைத்து, எங்கள் பக்கத்து உப்பளமான ஆனையிறவைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டே வந்தார். கிங்ஸ்ரன் ஊர் முகப்பில் 17 மீற்றர் உயரத்தில் சிங்க இறால் சிலையொன்று நிற்கிறது. அங்கே நாங்கள் இறங்கவில்லை. உயிருள்ள இறாலை ரோப் துறைமுகத்தில் வாங்கினோம்.

அன்றிரவு வாடகை அறையின் சிறு அடுப்பில் அப்பா கூழ் காய்ச்சினார். விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து வைத்திருந்தார். கொதிக்கும் நீரில் முதலில் மரவள்ளியும் பயற்றங்காயும் ஒரு பிடி அரிசியும், பிறகு இறாலின் தலையும் சதையும், செத்தல் மிளகாயை அரைத்த கூட்டு, பழப்புளி, கடைசியாகக் கரைத்த மா என்று ஒழுங்கு தவறாமல் போட்டார். முருங்கையிலைக்குப் பதிலாகக் கீரை. பலாக்கொட்டை இல்லாத குறையை அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இந்த நாட்டில் அதுவரை நான் சாப்பிட்டவற்றுள் அதற்கு நிகரானது எதுவும் இல்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

மறுநாள் கூனவாரா. 1890இல் ஜோன் ரிடொக் என்பவர் நிலத்தைப் பிரித்துக் கொடுத்துத் தொடக்கி வைத்த திராட்சைப் பூமி இது. நீளம் சுமார் 15 கிலோமீற்றர், அகலமோ ஏறத்தாழ இரண்டு. கபர்னே சோவின்யோன் என்னும் கறுந்திராட்சையால் பேர்பெற்றது. ஒரு தோட்டத்தின் ஓரத்தில், வந்தவர்கள் பார்ப்பதற்காக நிலத்தை நேர்குத்தாக வெட்டி வைத்திருந்தார்கள். மேலே முழங்கை ஆழத்துக்குச் செம்மண், அதன் கீழே வெள்ளைச் சுண்ணக்கல், கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிய வேர். அப்பா குந்தியிருந்து ஒரு சிட்டிகை மண்ணை விரல்களுக்கிடையில் தேய்த்தார். "இது எங்கட கோண்டாவில் மண்ணெல்லோ!" என்றார். அது வெறும் ஊர்ப்பாசம் அல்ல. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணும் இவ்வாறே சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதால்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன.

அங்கிருந்து மவுன்ற் கம்பியர் போனபோது அந்தப் பேச்சு இன்னும் நீண்டது. அறுத்தெடுத்த சுண்ணக்கல்லால் கட்டிய வீடுகள், நிலம் உள்ளே இடிந்து உண்டான பெரும் பள்ளங்கள், எரிமலை வாயில் நிறைந்த நீல ஏரி. அந்த ஏரிக்கு நீர் சுண்ணக்கல்லினூடாக நிலத்தடியிலிருந்தே ஊறுகிறது. நகரத்தின் குடிநீரும் அதுதான். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றை அப்பா நினைவுபடுத்தினார்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். இங்கே நீரை இறைப்பதற்குக்கூட அனுமதியும் அளவும் உண்டு என்று கேட்டறிந்தபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

காரை நிறுத்திச் சாவியை என்னிடம் தந்த பிறகுதான் அவர் கூனவாராவில் வாங்கிய போத்தலைத் திறந்தார். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு மீண்டும் ஒரு வாய் அருந்திவிட்டு, இப்போது சரி என்றார்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் நான் ஊருக்குப் போனபோது, அதே போத்தலில் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அப்பா ஒஸ்ரினில் என்னை ஏற்றிக்கொண்டு, வசாவிளான் பக்கமாகத் தோலகட்டிக்கு விட்டார். 1928இல் தொடங்கிய, கத்தோலிக்கத் துறவிகளின் செபமாலைத் தாசர் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய நெல்லிரசம் யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டுக்கும் பழக்கமானது; வைனும் செய்கிறார்கள். இரண்டிலும் வாங்கினோம். திரும்பும் வழியில், பந்தலில் திராட்சை போட்டிருக்கும் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் இறங்கினோம். கூனவாராவில் கொடிகளைப் பந்தலில் ஏற்றாமல் கம்பிகளில் வரிசையாக நிறுத்துவதையும், இயந்திரத்தால் கவ்வாத்துப் பண்ணுவதையும் அப்பா விளக்கினார். "அங்கை கொடிக்குக் குளிர்காலத்திலை ஓய்வு கிடைக்குது அண்ணை. இஞ்சை வெட்டினாத்தானே அது திரும்பக் காய்க்கும்?" என்று உறவினர் மறுத்தார். வெயில் தாழும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.