மீனுக்கு ஓரத்தில் சோறு

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மதியச் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். நடுவில் குவியலாகச் சோறு, மேலே மீன் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். காய் ஒரு கரண்டி இருந்தால் அதிகம். “சிவப்பரிசிக்கு மாறியும் சுகர் குறையல, எடையும் குறையல” என்பவர்களின் தட்டிலும் அதே குவியல்தான், நிறம் மட்டும் வேறு.

அரிசியை மாற்றச் சொல்லும்போது காட்டப்படும் கிளைசெமிக் குறியீடு என்கிற ஜிஐ, 1981இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த அளவுகோல். 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70இலிருந்து அதிகம்.

சிக்கல் அந்த 50 கிராமில் இருக்கிறது. நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. குவியல் 350 கிராம் என்றால் 98 கிராம் உள்ளே போகிறது. அரிசியின் ஜிஐ 70 என்று வைத்துக்கொண்டு 98ஐ 70ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 69 வரும். இதற்குக் கிளைசெமிக் சுமை என்று பெயர். ஒரு வேளை உணவில் 20ஐத் தாண்டினாலே அதிகம். இப்போது சித்திரைக்கார் என்ற சிவப்பரிசிக்கு மாறுகிறோம், அதன் ஜிஐ 60 என்றே கொள்வோம்: சுமை 59. பழைய அரிசியையே பாதியாகக் குறைத்தால் 34. சித்திரைக்காரையும் பாதியாக்கினால் 29. அரிசியை மாற்றுவது நல்லதுதான். ஆனால் பெரிய இறக்கம் அளவைக் குறைப்பதில்தான் கிடைக்கிறது.

ஆளுக்கு 60 கிராம் புழுங்கல் அரிசி போட்டால் 150 முதல் 180 கிராம் சோறு வரும். ஒரே ஒரு நாள் தராசில் நிறுத்து, வீட்டுக் கிண்ணத்தில் அது எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். பிறகு கிண்ணமே அளவு. நேராகச் சட்டியிலிருந்து அகப்பையால் போடும் வீட்டில் இது நிலைக்காது.

குறைத்த இடத்தை நிரப்ப நம் கரையில் பஞ்சமில்லை. நூறு கிராம் சாளை (மத்தி) மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். மாவுச்சத்து இல்லவே இல்லை. முதலில் முருங்கைக்கீரையோ புடலங்காய்ப் பொரியலோ, அதோடு குழம்பு மீன். பத்து நிமிடம் கழித்துச் சோறு. அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறுகிறது. புரதமும் நாரும் முன்னே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரை மெல்ல ஏறும். தலைகீழாகச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறி, இன்சுலின் பெருகி, சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து மறுபடி பசிக்கும். நாலு மணிக்கு வடையைத் தேடுவது அதனாலும் இருக்கலாம். பொரித்த மீனுக்கு ஒரு கணக்கு: அது குடிக்கும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கும் 120 கலோரி. கருவாட்டின் உப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

கருப்பட்டியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். “கருப்பட்டிக் காப்பிதானே” என்று நாளைக்கு நாலு டம்ளர் குடித்தால் அது இனிப்புக் கணக்கில்தான் சேரும். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் அப்படியே. கேழ்வரகையும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாகத்தான் செரிக்கும். தானியம் எவ்வளவு பொடியாகிறதோ, எவ்வளவு குழைகிறதோ, அவ்வளவு வேகம். இடியாப்பமும் குழைந்த நோன்புக் கஞ்சியும் இந்த வகைதான். கஞ்சியை ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, சுண்டலைக் கூட்டலாம். கஞ்சி வடித்துவிட்டால் சர்க்கரை போய்விடும் என்பதும் தவறு. மாவுச்சத்தில் பெரும்பகுதி பருக்கையிலேயே இருக்கிறது. பழைய சோறு கொஞ்சம் தேவலை. ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும். அதற்காக ஒரு கும்பா நிறையக் குடிக்க முடியாது.

எடை விஷயத்தில் ஜிஐ ஒரு துணைதான். கலோரி சமமாக இருந்தால், ஜிஐ குறைந்ததால் மட்டும் கூடுதலாக இறங்கும் எடை சொற்பம். ஆனால் உடல்நலத்துக்கு ஜிஐ கனமான விஷயம். 20 நாடுகளில் 1,37,851 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஜிஐ அதிகமான உணவு உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, ரத்தநாளப் பாதிப்போ மரணமோ கூடுதலாக நேர்ந்தது.

உங்கள் தட்டு என்ன செய்கிறது என்பதைக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தாலே எண் பொய்யாக ஏறும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு குறைந்தால் ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கலாம்: கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம். இரவெல்லாம் வலை இழுப்பவருக்கு நடுக்கடலில் இது வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது மீனோ சுண்டலோ உதவாது, வேகமாக ஏறுவதுதான் வேண்டும். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். படகில் குளுக்கோஸ் பொட்டலம் நனையாத டப்பாவில் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று கூட வரும் ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும்.