நீர்ப்புகையில் லேசர்: துளியின் அளவைக் கண்டுபிடித்த கதை

தண்ணீர்ப் புகைக்குள் லேசரை அடித்துப் பக்கத்தில் நின்று படம் எடுப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் புகையிலுள்ள நீர்த்துளி எவ்வளவு பெரியது என்ற தகவல் பக்கத்திலிருந்து தெரியும் அந்த ஒளிக்கோட்டில் அதிகம் இல்லை, அது கதிர் போகும் திசையைச் சுற்றிய முதல் இருபது பாகைக்குள்தான் இருக்கிறது.

புகைக்கு, கொழும்பு புறக்கோட்டையில் கிடைக்கும் மிஸ்ட் மேக்கர் தட்டு, அதாவது வேகமாக அதிர்ந்து தண்ணீரைப் புகையாக்கும் சிறு தட்டு. கடைக்கார நானாவிடம் 1.7 மெகாஹேர்ட்ஸ் என்று சொல்லியே கேளுங்கள், ஏனென்றால் நுண்துளைகள் போட்ட இன்னொரு வகை 110 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஓடுகிறது, அதில் துளியின் அளவை அந்தத் துளைகளே பெரும்பாலும் தீர்மானிக்கும். நமக்கு வேண்டிய தட்டுக்கு, நீரின் மேற்பரப்பு இழுவிசையையும் அதிர்வெண்ணையும் வைத்து லாங் என்பவர் 1962இல் தந்த சூத்திரம் சுமார் 3 மைக்ரோமீற்றர் என்று சொல்கிறது. அது சரியா என்று பார்ப்பதுதான் என் ஆசை.

650 நானோமீற்றர் சிவப்பு லேசர், புகையிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி வெள்ளை மட்டை, நேர்க்கதிர் விழும் இடத்தில் கறுப்புத் தாள். அந்தக் கறுப்புத் தாள் இல்லாவிட்டால் கமராவுக்கு வேறெதுவும் தெரியாது. புகை அடர்த்தியாக இருந்தால் ஒளி துளிக்குத் துளி மோதி வளையமே கலைந்துபோகும், அதனால் ஒரு மெல்லிய பிளவு வழியாகக் கொஞ்சமாக விட்டேன். அப்போது நடுவில் பிரகாசம், அதைச் சுற்றி மங்கலான ஒரு இருள் வளையம், ஆரம் சுமார் 8 சென்ரிமீற்றர். கோணம் 15 பாகைக்குக் கிட்ட. துளியைச் சுற்றி ஒளி வளைவதால் வரும் முதல் இருள் வளையத்துக்கு, அந்தக் கோணத்தின் சைன், அலைநீளத்தை 1.22ஆல் பெருக்கித் துளியின் விட்டத்தால் பிரித்ததற்குச் சமம், ஆக விட்டம் கிட்டத்தட்ட 3.1 மைக்ரோமீற்றர். பார்த்ததும் உண்மையாகவே துள்ளிவிட்டேன்!

சரி, வளையம் வேறெதனாலோ வந்திருந்தால்? 532 நானோமீற்றர் பச்சைக்கு மாற்றினேன், வளையத்தின் ஆரம் ஆறரை சென்ரிமீற்றருக்குச் சுருங்கியது, கணக்கும் அதையே சொல்கிறது. துளிகள் எல்லாம் ஒரே அளவில்லாததால் வளையம் முழுதாக இருளாது. இவ்வளவு சின்னத் துளிக்கு இந்த எளிய சூத்திரமும் தோராயம்தான், சரியாகச் செய்ய சிறு கோளங்கள் ஒளியைச் சிதறடிப்பது பற்றி 1908இல் குஸ்தாவ் மீ எழுதிய கோட்பாடு வேண்டும்.

மழை பெய்து ஓய்ந்த கொழும்பு இரவு இதற்கு மிக நல்லது, ஏசி அறையின் உலர்ந்த காற்றில் துளிகள் சட்டென்று ஆவியாகிவிடும். மலிவான பச்சை லேசரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியலாம், லேசர் கதிரைக் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அடுத்து, கமராவுக்குப் பதில் ஒளியின் அளவை உணரும் ஃபோட்டோடயோட்டைப் பாகைமானியில் பொருத்தி, கோணம் கோணமாக அளந்து மீ வளைவோடு ஒப்பிடப் போகிறேன்.